ஒரு டி-ஷர்ட்கூட வாங்கி அடுக்காமல் டி-ஷர்ட் விற்கும் வழி

சொந்த டிசைனில் டி-ஷர்ட் விற்க ஆசைப்பட்டு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை பீஸ்?” என்பதுதான். அந்த முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய தனிச் சட்டம் (ஸ்க்ரீன்) தயார் செய்ய வேண்டும். நான்கு நிறம் என்றால் நான்கு சட்டம். ஒரு பீஸ் அடித்தாலும் நூறு பீஸ் அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. ஆகவே ஐம்பது, நூறு என்று மொத்தமாக அடிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் கேட்கும் ‘எம்’ இரண்டே வாரத்தில் தீர்ந்துபோகும்; ‘ட்ரிபிள் எக்ஸ்எல்’ மட்டும் கட்டிலுக்கு அடியில் வருஷக்கணக்கில் தங்கும்.

டிஜிட்டல் அச்சு இந்தக் கணக்கை மாற்றியது. சட்டம் வேண்டாம்; கணினியில் இருக்கும் கோப்பிலிருந்து நேராக அச்சடிக்கலாம். வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்த பிறகு அவருடைய அளவில் ஒரே ஒரு டி-ஷர்ட்டை அச்சு நிறுவனமே அச்சடித்து, உங்கள் கடையின் பெயரில் நேரே அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இதைத்தான் பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்கிறார்கள். சரக்கு தேங்காது. ஆனால் ஒரு பீஸின் அடக்கவிலை கூடுதல். அதைவிட முக்கியமான சங்கடம் ஒன்று உண்டு: நீங்கள் பயன்படுத்தும் அதே வெற்று டி-ஷர்ட்டும் அதே இயந்திரமும் நாட்டில் உள்ள எல்லோருக்கும் கிடைக்கின்றன. யாருக்காக வரைகிறோம் என்ற தெளிவு ஒன்றுதான் உங்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியும்.

டிசைனுக்கு முன்னால் ஆட்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கணினியைத் திறந்து, “கனவு காண்”, “தமிழன்டா” என்று ஏதாவது ஒன்றை எழுதி, ஐம்பது டிசைனை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் பொருந்தும் வாசகத்தைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் தனிக் காரணம் இருக்காது. நெஞ்சில் எழுதிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டுமானால் அது “நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்” என்று சொல்ல வேண்டும். எனவே கூட்டத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். சிறிய கூட்டமாக, அடிக்கடி ஒன்றுகூடும் கூட்டமாக, தங்கள் விஷயத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் கூட்டமாக இருப்பது நல்லது: அதிகாலையில் சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போகிறவர்கள், பள்ளிக்கரணையில் பறவை பார்க்கிறவர்கள், பறை கற்கிறவர்கள், புறா வளர்க்கிறவர்கள்.

கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நாட்டு நாய் வளர்ப்பவர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கு இனம். வளர்ப்பவருக்குத் தன் நாயின் இனம் ஏறக்குறைய குலப்பெருமை மாதிரி. “இது என்ன, லேப்ரடாரா?” என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும். டி-ஷர்ட் விற்பவருக்கு அந்தச் சிவப்புதான் மூலதனம்.

ஒரு வாரம் அவர்களுடைய குழுக்களில் பேச்சைக் கவனியுங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எதற்குக் கோபப்படுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். நாயின் படத்தைப் போட்டு “ஐ லவ் மை டாக்” என்று எழுதினால் அது உலகத்து நாய்களுக்கெல்லாம் பொருந்தும். “லேப்ரடார் இல்லைங்க, சிப்பிப்பாறை” என்று எழுதினால் அதை வாங்கக் கூடியவர் சில ஆயிரம் பேராக இருக்கலாம்; ஆனால் பார்த்தவுடன் நண்பனுக்கு அனுப்புவார்கள். விளம்பரச் செலவில் பாதி அங்கேயே மிச்சம்.

யாருடைய சொத்தை அச்சடிக்கிறீர்கள்?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம் என்பதால் வரைவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சினிமா வசனம், நடிகர் படம், கிரிக்கெட் அணியின் சின்னம், கார்ட்டூன் பாத்திரம், பாடல் வரி ஆகியவற்றைத் தொடாதீர்கள். “எல்லோரும் விற்கிறார்களே” என்பது உண்மைதான். நோட்டீஸ் வரும்போதும், கணக்கு முடக்கப்பட்டு அதிலிருந்த பணம் நிறுத்தி வைக்கப்படும்போதும் அந்த எல்லோரும் துணைக்கு வர மாட்டார்கள்.

நடிகரின் பெயர், உருவம், பேசும் பாணி ஆகியவற்றுக்கு நம் நீதிமன்றங்கள் பாதுகாப்பு கொடுக்கின்றன. ரஜினிகாந்தின் வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றமும், அனில் கபூரின் வழக்கில் 2023-இல் தில்லி உயர் நீதிமன்றமும் அப்படித் தடை வழங்கியிருக்கின்றன. காந்தியின் பெயரையும் படத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தில் கட்டுப்பாடு இருப்பது பலருக்குத் தெரியாது.

சாதாரணமாகத் தோன்றும் ஒரு சொற்றொடர்கூட யாரோ ஒருவரின் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருக்கலாம். இந்திய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆடைகளுக்கான வகுப்பு எண் 25. அமெரிக்காவில் விற்பதாக இருந்தால் அந்நாட்டுப் பதிவகத்தின் தளத்திலும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடியவையும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. திருக்குறள், சங்கப் பாடல், சித்தர் பாடல், பழமொழி எதற்கும் உரிமையாளர் இல்லை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பாரதி 1921-இல் மறைந்தவர். போதாதற்கு 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசே உரிமையைப் பெற்று, பின்னர் பொதுமக்களுக்கு விட்டுவிட்டது. பழைய வரியை எடுக்கலாம். அதற்கு இன்றைய ஓவியர் வரைந்த படத்தை எடுக்கக் கூடாது. கூகுளில் கிடைத்த ராஜபாளையத்தின் புகைப்படமும் அதை எடுத்தவருக்குத்தான் சொந்தம். உங்கள் தெரு நாய்க்காரரிடம் அனுமதி கேட்டு நீங்களே படமெடுத்து, அதைப் பார்த்து வரையுங்கள்.

எழுத்துரு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். முக்த மலர், கட்டமரன், பலூ தம்பி, கவிவனார், மீரா இனிமை, பவனம், அரிமா, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கேன்வா என்ற இணைய வடிவமைப்புக் கருவியில் வரைபவர்கள், அங்கிருக்கும் படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே அச்சடித்து விற்க அதன் உரிமம் இடம் கொடுப்பதில்லை என்பதை நினைவில் வைக்கவும்.

கோப்பைத் தயாரித்தல்

கருவி எதுவானாலும் சரி. இங்க்ஸ்கேப், கிரிட்டா, கிம்ப் மூன்றும் இலவசம். தமிழ் எழுத்து வரும் டிசைனுக்கு இங்க்ஸ்கேப் எனக்குப் பிடிக்கும். சில மென்பொருள்களில் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். ஃபோட்டோஷாப்பில் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் சரியாகும். எழுதி முடித்ததும் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து கலையாது. அதற்கு முன் தமிழ் நன்கு தெரிந்த இருவரிடம் காட்டுங்கள். சந்திப்பிழையுடன் அச்சான டி-ஷர்ட்டை வாங்கியவர் அதைச் சும்மா விட மாட்டார். படம் எடுத்துப் போடுவார்.

படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கினால்கூட தமிழ் எழுத்தை அதனிடம் விடாதீர்கள். இல்லாத எழுத்துகளைக்கூடக் கூசாமல் வரைந்து கொடுக்கும்.

அளவு: மார்புப் பகுதியில் பொதுவாக 12-க்கு 16 அங்குலம் வரை அச்சிடுவார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600-க்கு 4800 பிக்சல். அமேசானின் பிரிண்ட் ஆன் டிமாண்ட் சேவையான மெர்ச் ஆன் டிமாண்டுக்கு 4500-க்கு 5400 பிக்சல், 25 எம்.பி.க்குள், பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பு. வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி இந்த அளவுக்குக் கொண்டுவந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், அச்சு மங்கலாகத்தான் வரும்.

அடுத்தது, கறுப்பு டி-ஷர்ட்டில் அச்சு எப்படி விழுகிறது என்பது. நிறத்துக்கு அடியில் முதலில் வெள்ளை மை ஒரு படலமாக விழும், அதன்மேல்தான் நிறங்கள். கோப்பில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நிழல், ஒளிவட்டம் போன்றவை இருந்தால் அவற்றுக்கு அடியிலும் வெள்ளை விழுந்து, சுண்ணாம்பு அப்பியதுபோல் தெரியும். ஆகவே மென்நிழலைத் தவிர்த்து, நிறங்களை வெட்டினாற்போல் முடியுங்கள். மிக மெல்லிய கோடு துவைப்பில் நிற்காது. திரையில் மின்னும் பச்சையும் நீலமும் துணியில் ஒரு சுற்று மங்கித்தான் வரும்.

நம் நாய்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். ராஜபாளையம் பெரும்பாலும் முழு வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை மையும் ஒரு துளி இளஞ்சிவப்பும் போதும், நாய் பாய்ந்து நிற்கும். வெள்ளை டி-ஷர்ட்டில் அதே கோப்பை ஏற்றினால் மூக்கு மட்டும் மிதக்கும். கன்னி கறுப்பு நாய், கால்களிலும் முகத்திலும் பழுப்பு. அதைக் கறுப்புத் துணியில் வைத்தால் நான்கு பழுப்புக் கால் மட்டும் நடந்து போகும். மணல் நிறம், வெள்ளை, மஞ்சள் என்று வேறு துணி பாருங்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் பொருந்தும் இரண்டு மூன்று துணி நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

அச்சடித்து அனுப்புபவரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவுக்குள் விற்பதானால் இங்கேயே அச்சடிப்பவர் வேண்டும். திருப்பூரில் இயங்கும் கிவிக்கிங்க், சென்னையில் இயங்கும் பிரின்ட்ரோவ் போன்றவை ஒரு பீஸிலிருந்தே அச்சடித்து அனுப்புகின்றன. இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் ஆகியவற்றில் திறந்த கடைகளோடு இணைத்துக்கொள்ளலாம். துணி, பின்னல், சாயம், தையல் எல்லாம் ஒரே ஊரில் இருப்பதால் திருப்பூர்ப் பக்கத்துச் சரக்கில் துணியின் தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும். கேளுங்கள்: எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்)? கோம்ப்டு காட்டனா (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தியா)? பயோ வாஷ் (பிசிறு நீக்க நொதியில் அலசுவது) செய்ததா? சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு 180 ஜி.எஸ்.எம். வழக்கம்; தொளதொளவென்ற ஓவர்சைஸ் வகைக்கு 220, 240 என்று போகும். மே மாதத்து மதுரையில் 240-ஐ யார் போடுவார்கள் என்பது தனிக் கேள்வி.

அச்சு முறை இரண்டு பேச்சில் அடிபடும். டி.டி.ஜி. என்பது துணிமேல் நேரடியாக மையைத் தெளிப்பது; பருத்தியில் நன்றாக ஊறும், தொட்டால் மென்மை. டி.டி.எஃப். என்பது முதலில் ஃபிலிமில் அடித்து, பசைப்பொடி தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. நிறம் பளிச்சென்று இருக்கும், எந்தத் துணியிலும் பிடிக்கும். ஆனால் மார்பை நிறைக்கும் பெரிய ஒரே கட்டமாக அடித்தால் அங்கே காற்றுப் புகாது. நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும். டி.டி.எஃப். என்றால் இடைவெளி விட்டு வரையுங்கள்.

வெளிநாட்டில் விற்பதற்குப் பாதை வேறு. பிரின்ட்ஃபுல், பிரின்டிஃபை போன்றவை அமெரிக்கா, ஐரோப்பாவிலேயே அச்சடித்து அனுப்பும். ரெட்பபிள், அமேசான் மெர்ச் ஆகியவற்றில் கடை, பணம், அஞ்சல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்களுக்கு விற்பனையில் ஒரு பங்கு. மெர்ச்சில் விண்ணப்பித்து அனுமதி கிடைத்த பிறகே கணக்கு. தொடக்கத்தில் பத்து டிசைன் வரைதான் ஏற்றலாம். ரெட்பபிளில் 2023 முதல் தொடக்க நிலைக் கணக்குகளுக்குக் கட்டணப் பிடித்தம் உண்டு. டொரன்டோ, லண்டன், பாரிஸ் தமிழர்களைக் குறிவைப்பவர் இங்கிருந்து ஒவ்வொரு பீஸாக அனுப்ப நினைக்கக் கூடாது. அஞ்சல் செலவே டி-ஷர்ட்டின் விலையைத் தாண்டும். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. வாங்குபவர் இருக்கும் நாட்டிலேயே அச்சடிக்கும் ஏற்பாடுதான் கட்டுப்படியாகும்.

மாதிரி வாங்காமல் கடை திறக்க வேண்டாம்

கடைத் தளத்தில் காட்டும் படங்கள் கணினியில் ஒட்டியவை. அவற்றில் எல்லா அச்சும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு நிறுவனங்களிடம் ஒரே டிசைனை ஆர்டர் செய்யுங்கள், வாடிக்கையாளர் போல. எத்தனை நாளில் வந்தது, உறை எப்படி, அச்சு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பாமல், வீட்டில் வழக்கமாகத் துவைப்பதுபோலவே ஐந்தாறு முறை துவைத்து வெயிலில் போடுங்கள். பராமரிப்புச் சீட்டைப் படித்துத் துவைக்கிற வாடிக்கையாளர் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. கழுத்துப் பட்டி தளர்ந்ததா, எழுத்து வெடித்ததா, எவ்வளவு சுருங்கியது?

டேப் எடுத்து மார்பு அகலத்தையும் நீளத்தையும் நீங்களே அளந்து கடையில் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் ‘எம்’ இன்னொன்றின் ‘எல்’லாக இருக்கும். அளவு சரியில்லை என்ற புகாரைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. அந்த மாதிரி டி-ஷர்ட்டையே நாயோடு ஒருவருக்குப் போட்டுப் படமெடுத்தால் கடைக்கான படமும் ஆயிற்று.

விலையும் வில்லனும்

ஓர் உத்தேசக் கணக்கு போடுவோம். விற்பனை விலை 599 ரூபாய். டி-ஷர்ட்டும் அச்சும் 270, கூரியர் 70 என்று வைப்போம். 599-க்குள் அடங்கியிருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 28. பணம் வசூலிக்கும் கேட்வேக்கு சுமார் 14. மிச்சம் 217. விளம்பரத்துக்குக் கொடுத்தது போக இருப்பதுதான் உங்களுடையது.

இப்போது கேஷ் ஆன் டெலிவரியைச் சேருங்கள். வசூல் கட்டணம் 40 என்றால், கேட்வே செலவு இல்லாததால் ஒரு பீஸுக்கு 191 நிற்கும். ஐந்து பேரில் ஒருவர் கதவைத் திறக்காமல், அல்லது “வேண்டாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அச்சடித்த டி-ஷர்ட் 270, போகக் கூரியர் 70, வர 70, ஆக 410 நஷ்டம். நால்வரிடம் கிடைத்த 764-இலிருந்து அதைக் கழித்தால் 354. பீஸுக்கு 71 ரூபாய்கூட இல்லை, அதுவும் விளம்பரச் செலவுக்கு முன்னால். புதிய கடைகளை மூடவைப்பது டிசைன் சரியில்லாததைவிட இந்தத் திரும்பி வரும் பார்சல்தான் என்பது என் கருத்து. தொடக்கத்தில் முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டுபவருக்கு மட்டும் விற்கலாம். கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 100 ரூபாயை முன்கூட்டி வாங்குங்கள், அனுப்பும் முன் ஒரு போன் செய்து உறுதி கேளுங்கள். ஆர்டர் குறையும். குறைந்தால் குறையட்டும்.

அரசாங்கக் காகிதங்கள்

வேறு மாநிலத்துக்கு விற்பதானால் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை வேண்டியதில்லை. 2023 அக்டோபர் முதல், பெரிய இணையச் சந்தைகள் வழியாக மாநிலத்துக்குள் விற்பவருக்கும் நிபந்தனைகளோடு இந்தச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு வரி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சொந்தக் கடைத் தளத்தில் விற்பனையாளரின் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் விதி, குறைதீர்க்கும் அலுவலரின் தொடர்பு ஆகியவை தெரியும்படி இருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதி. நீங்கள் ஒருவரே கடை என்றால் அந்த அலுவலரும் நீங்கள்தான். அமெரிக்கத் தளங்களில் பங்குத்தொகை பெறுபவர் அங்கே டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிடாவிட்டால் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். மற்றதை ஒரு கணக்காளரிடம் விட்டுவிடுங்கள்.

கடையும் முதல் விற்பனையும்

கடையை ஷாப்பிஃபையில் மாதக் கட்டணத்துக்குத் திறக்கலாம். வேர்ட்பிரஸ் தெரிந்தவருக்கு வூகாமர்ஸ் போதும். எது வேண்டுமானாலும் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். லோகோவின் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் யோசிப்பது வேலை செய்வதாகாது. நான்கு இனத்துக்கு நான்கு டிசைன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் மக்கள் தேடும் சொல்லை வையுங்கள்: “சிப்பிப்பாறை நாய் டி-ஷர்ட்” என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும். “வேட்டைக்காரன் கலெக்‌ஷன்” என்று யாரும் தேட மாட்டார்கள்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதற்கு முன் அந்தக் குழுக்களில் டிசைனைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். வாலின் வளைவு சரியில்லை, காது இப்படி நிற்காது என்று சண்டைக்கு வருவார்கள். வரவேற்று, திருத்தி, திருத்தியதையும் காட்டுங்கள். சண்டை போட்டவர்தான் முதலில் வாங்குவார். நாய்க் கண்காட்சி நடக்கும் ஊருக்கு மாதிரியைப் போட்டுக்கொண்டு போய் நின்றாலே போதும், எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். கடையின் கியூஆர் குறியீட்டைச் சின்ன அட்டையில் அடித்துப் பையில் வைத்திருங்கள்.

இரண்டு மாதத்தில் எது விற்கிறது என்று தெரிந்துவிடும். அசையாததை எடுத்துவிட்டு, விற்றதன் பக்கத்து வீட்டு யோசனையைத் தேடுங்கள்: சிப்பிப்பாறை ஓடினால் அதே வாசகம் கோம்பைக்கும் வரட்டும். ஒரே டிசைன் மாதம் ஐம்பது அறுபது என்று நிலையாக ஓட ஆரம்பித்தால், அந்த ஒன்றை மட்டும் ஒரே நிறத்தில், அதிகம் போகும் ‘எம்’, ‘எல்’, ‘எக்ஸ்எல்’ அளவுகளில் பட்டறையில் ஸ்க்ரீன் பிரிண்ட் அடித்து வைத்துக்கொள்ளலாம். பீஸின் அடக்கவிலை கணிசமாக இறங்கும். “எத்தனை பீஸ்?” என்ற கேள்விக்கு அப்போது உங்களிடம் இரண்டு மாத ஆர்டர் கணக்கு இருக்கும். ‘ட்ரிபிள் எக்ஸ்எல்’ மட்டும் எப்போதும்போல ஆர்டர் வந்த பிறகே அச்சாகட்டும்.